ஆள் ஏறாமல் பறக்கலாம்

ஊரில் பல் டாக்டர் என்றால் அவர் ஒருவர்தான். இருபது வருஷத்துக்கு மேலாகக் குனிந்து குனிந்து பிறர் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு ஆசை வந்தது. ஒரு தடவையாவது நிமிர்ந்து, தூரத்தில் எதையாவது பார்க்கவேண்டும். வேறு யாராவது என்றால் மொட்டை மாடிக்குப் போயிருப்பார்கள். இவர் விமானம் வாங்கிவிட்டார்.

சின்ன விமானம். நாலு பேர் உட்காரலாம். மூக்கில் ஒரே ஒரு விசிறி. பிறத்தியார் ஓட்டிவிட்டு விற்ற பழைய வண்டிதான். ஆனால் டாக்டர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. முறையாக ஓட்டக் கற்று, பரீட்சை எழுதி, உரிமம் எடுத்த பிறகுதான் வாங்கினார். ஊருக்கு வெளியே, பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானங்களுக்காக எப்போதோ போட்டுவிட்டு எல்லோரும் மறந்துபோன ஓடுபாதை ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு, விமானத்தை லாரியில் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் டாக்டர் கொட்டகையில்தான். விமானத்தை மூக்கிலிருந்து வால்வரை தடவிக்கொண்டே சுற்றி வருவார். சக்கரத்தை அமுக்கிப் பார்ப்பார். எண்ணெய் அளவு பார்ப்பார். இறக்கைக்கு அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உற்றுப் பார்ப்பார்.

"என் முகத்தை என்னிக்காவது இப்படி வெளிச்சத்துல வச்சுப் பார்த்திருக்கீங்களா?" என்பாள் மனைவி.

"உன் மேல எனக்கு நம்பிக்கை இருக்கும்மா. பெட்ரோல் மேலதான் இல்ல" என்பார் டாக்டர். நல்ல பதில் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

இனி பறக்கவேண்டியதுதான் பாக்கி. அதற்கு வட்டார வான்பயணப் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

இந்த அலுவலகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாகவேண்டும். தொடங்கிய நாள் முதல் அதன் எல்லைக்குள் ஒரு விமான விபத்துகூட நடந்ததில்லை. ஒரு விமானமும் இருந்ததில்லை. முதல் விஷயம் ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும் கொட்டை எழுத்தில் வரும். இரண்டாவதைக் குறிப்பிடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனவே டாக்டர் விண்ணப்பத்தோடு உள்ளே நுழைந்தபோது, பாதுகாப்பு அதிகாரி அவரைப் பார்த்த பார்வை, வெள்ளைச் சட்டை போட்டவன் மை புட்டியைப் பார்க்கும் பார்வையாக இருந்தது.

"விமானத்தை வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"பறக்கப் போறேன் சார்."

"பறந்தா விழும் இல்ல?"

"பறக்கற எல்லாம் விழறதில்லையே சார்."

"விழுந்ததெல்லாம் பறந்ததுதானே?" என்றார் அதிகாரி. தர்க்கத்தில் பழுதில்லை.

ஆனால் அதிகாரி கல்நெஞ்சக்காரர் இல்லை. உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்துவிட்டு வந்தால் பரிசீலிப்பதாகச் சொல்லி, நேரிலேயே வந்து பார்வையிட்டார். தீ பிடித்தால்? மணல் நிரப்பிய இரும்பு வாளி இரண்டு வைக்கச் சொன்னார். டாக்டர் வைத்தார். தண்ணீரில் விழுந்தால்? நாலு மிதவைச் சட்டை. அந்த ஓடுபாதைக்குப் பக்கத்தில் கணுக்கால் நனைகிற தண்ணீர்கூடக் கிடையாது. என்றாலும் டாக்டர் வாங்கிப் போட்டார். மேலேயிருந்து இறங்கவேண்டி வந்தால்? ஏணி.

"மேலேயிருந்துன்னா, ஆகாயத்திலிருந்தா சார்?"

"எங்கேயிருந்துன்னு விதியில இல்ல. ஏணி இருக்கணும், அவ்வளவுதான்."

ஏணி வந்தது. கயிறு வந்தது. உபரிச் சக்கரம் வந்தது. புகை பிடிக்கக் கூடாது என்று இரும்புத் தகட்டில் எழுதிய பலகை வந்தது. கடைசியில், பரிசோதனைக்கு அதிகாரி எந்த நேரமும் திடீரென்று வரக்கூடும் என்பதால், அவர் உட்கார மர நாற்காலி ஒன்று வந்தது. எல்லாவற்றையும் ஏற்றி முடித்து, அதிகாரி எடை போடச் சொன்னார். விமானம் அதன் எடை வரம்பைத் தாண்டிவிட்டிருந்தது.

"இவ்வளவு கனத்தோட இதைப் பறக்கவிட முடியாது. ஆபத்து" என்றார் அதிகாரி.

"அதைத்தான் சார் நானும் சொல்றேன். வாளியை இறக்கிடலாமா?"

"பாதுகாப்பு சாதனத்தை எப்படி இறக்கறது? ஆளைக் குறைங்க."

"நான் ஒருத்தன்தானே ஏறப் போறேன்?"

"அப்ப அதைக் குறைங்க" என்றார் அதிகாரி.

டாக்டர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. அடுத்த வாரமே அனுமதி கைக்கு வந்தது. 'மேற்படி விமானம், ஆட்கள் எவரும் ஏறாத நிலையில், பறப்பதில் இவ்வலுவலகத்துக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை.'

டாக்டர் மேல்முறையீடு செய்தார். மேலதிகாரி அந்த மனுவை, ஆவன செய்யுமாறு, அதே அதிகாரிக்கே அனுப்பினார். இதற்கு நடுவில் அதிகாரிக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்து, டாக்டரின் நாற்காலியில் வந்து படுத்தார். உலகத்திலேயே அதிகாரி ஆட்சேபணை சொல்ல முடியாத ஒரே இடம் அதுதான். ஆனால் டாக்டர் நல்ல மனுஷன். பல்லை மட்டும் கவனித்து அனுப்பினார்.

இதற்குள் வேறொன்று நடந்தது. டாக்டரின் மைத்துனன், மனைவியின் தம்பி, விமானத்துக்கு முன்னால் நின்று ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டான். தோல் சட்டை, கறுப்புக் கண்ணாடி, இடுப்பில் ஒரு கை. வெயிலில் தோல் சட்டைக்குள் வெந்துபோனாலும் படம் பிரமாதமாக வந்தது. ஊரில் வசதியுள்ளவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். காரை வைத்துக்கொண்டு என்ன செய்ய, பக்கத்து வீட்டுக்காரனிடமும் அதே கார்தான் இருக்கிறது. ஆளுக்கொரு விமானம் வாங்கினார்கள். ஓடாத எஞ்சினாக இருந்தால் மலிவு என்று தெரிந்ததும் அதைத்தான் வாங்கினார்கள். எஞ்சினே இல்லாததுகூட ஒன்று வந்தது. வீட்டு வாசலில் நிறுத்தி, ராத்திரியில் அதற்கு விளக்குப் போட்டார்கள். மைத்துனன் விமான உரிமையாளர் சங்கம் தொடங்கி, அதன் செயலாளர் ஆனான். கூட்டத்துக்கு எல்லோரும் தோல் சட்டையில் வந்தார்கள்.

ஒரு கூட்டத்தில் டாக்டர் எழுந்து, பறக்கும் அனுமதிக்காகச் சங்கம் குரல் கொடுக்கவேண்டும் என்றார். எல்லோரும் திகைத்துப்போய் அவரைப் பார்த்தார்கள்.

"பறக்கறதுக்கா வாங்கினீங்க?" என்று இரக்கத்தோடு கேட்டார் பக்கத்திலிருந்த துணிக்கடை முதலாளி.

அதிகாரிக்கு இந்தச் சங்கத்தை மிகவும் பிடித்துப்போயிற்று. இத்தனை விமானங்கள், ஒரு விபத்துகூட இல்லை! அறிக்கை தலைநகருக்குப் போனது. விபத்தே இல்லாத வட்டாரம் என்று அவருக்குப் பரிசு அறிவித்தார்கள். மேடையில் அமைச்சரே தருவதாக ஏற்பாடு.

விழாவுக்கு முந்தின நாள் பெருமழை பெய்து, ஆற்றுப் பாலம் மூழ்கியது. தலைநகருக்குச் சாலை இல்லை, ரயில் இல்லை. விழா அன்று காலையில் அதிகாரி புதுக் கோட்டுடன் கொட்டகை வாசலில் வந்து நின்றார். டாக்டரும் மனைவியும் கொட்டகைக்குள் புகுந்த மழைத் தண்ணீரை வாரிக்கொண்டிருந்தார்கள். மைத்துனன் தோல் சட்டையோடு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தான்.

"டாக்டர், கிளம்புங்க. தலைநகர் போகணும்" என்றார் அதிகாரி.

"ஆள் ஏறக் கூடாதே சார்?"

அதிகாரி பேனாவை எடுத்து அங்கேயே, விமானத்தின் மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். மணல் வாளி, ஏணி, சக்கரம், நாற்காலி எல்லாவற்றையும் தன் கையாலேயே தூக்கி வெளியே எறிந்தார். ஏறி உட்கார்ந்து பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார்.

எத்தனை காலத்து ஆசை! ஆனால் பழக்கம் விடவில்லை. மூக்கிலிருந்து சுற்றி வரத் தொடங்கினார். இறக்கைக்குக் கீழே, வேகம் காட்டும் கருவிக்குக் காற்றைக் கொண்டுபோகிற சின்னக் குழாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதைப் பக்குவமாக எடுத்துச் சுத்தம் செய்தார். பெட்ரோலைப் பிடித்துப் பார்த்தார். அடியில் ஒரு முத்துத் தண்ணீர். தெளிந்து வரும்வரை பிடித்துப் பிடித்துக் கொட்டினார்.

"இன்னும் என்ன? நல்லா இருக்குன்னு நான்தான் கையெழுத்துப் போட்டாச்சே!" என்று உள்ளேயிருந்து கத்தினார் அதிகாரி.

"குளவிக்கு அது தெரியாதுங்களே."

பிறகு டாக்டர் மேலே பார்த்தார். தலைநகர் இருக்கிற திசையில் மேகம் கறுத்துத் தரைவரை இறங்கியிருந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கதவருகே வந்தார்.

"இறங்குங்க சார். இன்னிக்கு முடியாது."

"என்னது?"

"அந்த மேகத்துக்குள்ள போனா எது மேல, எது கீழன்னே எனக்குத் தெரியாது. அதுல ஓட்ட நான் படிக்கல."

"ரெண்டு வருஷமா பறக்கணும் பறக்கணும்னு என் உயிரை எடுத்தீங்க. இன்னிக்கு நானே பறக்கச் சொன்னா தடை போடறீங்களா?"

"ஆமா சார்."

"இப்பக் கிளம்பலைன்னா உங்க அனுமதியை நிரந்தரமா ரத்து பண்ணுவேன். இந்த விமானத்தை உடைச்சுப் பாத்திரக்காரனுக்குப் போடவேண்டியதுதான்."

டாக்டர் விமானத்தின் இறக்கையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகம் போன போக்கை மனைவி பார்த்தாள். விமானம் வந்த நாளிலிருந்து அதைச் சக்களத்தி என்றே கூப்பிட்டு வந்தவள் முன்னால் வந்தாள்.

"போட்டுக்குங்க சார். எனக்குப் பாத்திரம் வேணும், விதவைக் கோலம் வேண்டாம். இறங்குங்க."

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். தோல் சட்டை கண்ணில் பட்டது.

"தம்பி, நீங்க ஓட்டுவீங்களா?"

"நான் செயலாளர் சார்" என்றான் மைத்துனன், ஓரடி பின்னால் நகர்ந்து.

அதிகாரி இறங்கினார். இறங்கிக் கொஞ்ச நேரத்தில் காற்று வந்தது. கொட்டகைத் தகரம் இரண்டு பிய்த்துக்கொண்டு பறந்தது, அனுமதி இல்லாமலே. நாலு பேரும் சுவரோரமாக ஒண்டிக்கொண்டு அதைப் பார்த்தார்கள். அதிகாரி அப்புறம் எதையும் ரத்து செய்வதாகச் சொல்லவில்லை. அந்தக் காற்றில் வெளியூர் போயிருந்த அமைச்சரின் ஹெலிகாப்டரும் கிளம்பவில்லை என்றும், விழா மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று என்றும் சாயங்காலம் செய்தி வந்தது.

மறுநாள் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. டாக்டர் மறுபடி மூக்கிலிருந்து வால்வரை சுற்றி வந்தார். இந்தத் தடவை அதிகாரியும் கூடவே சுற்றினார். குழாயை இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

விமானம் ஓடியது, எழும்பியது. அதிகாரி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். டாக்டரோ தூரத்தை, இன்னும் தூரத்தை, வானமும் வயலும் சேரும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண்ணில் நீர் கட்டியது. வெயில் என்று சொல்லிக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போனதும் அதிகாரி ஒரு கண்ணைத் திறந்தார்.

"டாக்டர், அந்த மஞ்சள் கட்டடம்... அது என் ஆபீஸா?"

"ஆமா சார்."

"இவ்வளவுதானா அது?" என்றார் அதிகாரி. அதன்பிறகு இரண்டு கண்ணையும் மூடவே இல்லை.

மேடையில் மேலதிகாரி கைகுலுக்கிக்கொண்டே விசாரித்தார். "பாலம் போயிடுச்சாமே? எப்படி வந்தீங்க?"

"விமானத்துல சார். எங்க வட்டாரத்து விமானம்" என்றார் அதிகாரி, கொஞ்சம் பெருமையாகவே.

மேலதிகாரியின் கை பாதியில் நின்றது. "அப்ப உங்க வட்டாரத்துல விமானம் பறக்குதா?"

பரிசு, ஒரு விமானமும் இல்லாத பக்கத்து வட்டாரத்துக்குப் போயிற்று. அந்த அதிகாரியால் பாலத்தைத் தாண்டி வர முடியாததால், காலி நாற்காலிக்கு மாலை போட்டுக் கைதட்டினார்கள்.

திரும்பும் வழியில் நம் அதிகாரி கீழேயே பார்த்துக்கொண்டு வந்தார். ஊரை நெருங்கும்போது, "அந்த ஆத்துப் பக்கமா ஒரு சுத்து சுத்திட்டுப் போலாமா?" என்று கேட்டார். சுற்றினார்கள்.

ஓடுபாதையில் ஊரே கூடியிருந்தது. துணிக்கடை முதலாளி கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். ஆம்புலன்ஸ் ஒன்று தயாராக நின்றது. விமானம் பூப்போல இறங்கி, ஓடி, நின்றது. இருவரும் இறங்கினார்கள்.

"அவ்வளவுதானா?" என்றார் துணிக்கடை முதலாளி.

பத்திரிகை நிருபர் டாக்டரை ஓரமாக இழுத்துப் போனார். "எஞ்சின் கொஞ்சம்கூடவா இருமல? நடுவுல ஒரு தடவையாவது நின்னிருக்குமே, நல்லா யோசிச்சுப் பாருங்க."

டாக்டர் யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இவ்வளவு தூரம் கூடவே வந்த வாசகரும், எங்கேயாவது ஓரிடத்தில் விழுந்துவிடும் என்றுதானே பக்கத்தைப் புரட்டிக்கொண்டு வந்தார்?

அதிகாரி நேரே அலுவலகம் போய் அன்றைய அறிக்கையை எழுத உட்கார்ந்தார். அதில் இரண்டே கட்டங்கள் இருந்தன: 'பறக்கவில்லை', 'விபத்து'. பேனாவைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். பிறகு ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் சின்ன எழுத்தில் எழுதினார்:

'பறந்தது. விழவில்லை. காரணம் விசாரிக்கப்பட்டு வருகிறது.'