மாப்பிள்ளை கழற்றச் சொன்ன தறப்பாள்

இடிமழை எங்கே எப்போது விழும் என்று சொல்ல வானிலை படித்தவர்களே தயங்குவார்கள். தயங்காமல் சொல்ல வேண்டுமென்றால் என்னைப்போல ஒன்றுமே தெரியாதவனாக இருக்க வேண்டும்.

எனக்கும் மலருக்கும் கண்டிக்குப் பக்கத்தில் வத்தேகமயில், அவள் வீட்டில் நிச்சயதார்த்தம். சித்திரை மாதம். காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும். அந்தச் சூட்டில் ஈரக்காற்று மலையோடு மேலேறி, பின்னேரம் இடியும் மழையுமாக இறங்கும். இது தெரிந்துதான் மலரின் அப்பா முற்றத்துக்கு மேலே மழைக்கு நீலப் பிளாஸ்டிக் தறப்பாள் கட்டியிருந்தார். அதற்குக் கீழே எல்லார் முகமும் நீலமாகத் தெரிந்தது. போட்டோவில் நானும் நீலமாக விழுந்தால் என்ன ஆவது? (கவலையைப் பாருங்கள்.)

கைபேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தேன். (கண்டியில் போன் கடையில் வேலை. வானமே என் கையில் இருக்கிற நினைப்பு.) பக்கத்து ஊரான மடுல்கெல்லப் பக்கம் ஒரு பெரிய மேகம் கொட்டித் தீர்த்துக் கரைந்துகொண்டிருந்தது. இனி இங்கே வர மிச்சமில்லை, தறப்பாளைக் கழற்றுங்கள் என்று மாமாவிடம் அடித்துச் சொன்னேன். மாப்பிள்ளை முதன்முதலாக ஒன்று கேட்கிறானே என்று மனுஷர் தறப்பாளைக் கழற்றினார்.

கொஞ்ச நேரத்தில் மடுல்கெல்லப் பக்கமிருந்து சிலுசிலுவென்று காற்று வந்தது. மாமா என்னைப் பார்த்தார்.

"மழை முடிஞ்ச காத்து மாமா. நல்லா அனுபவிங்க" என்றேன்.

அட மடையா! ஓய்கிற மழையிலிருந்து இறங்கும் குளிர்காற்று, பக்கத்தில் கிடக்கும் சூடான காற்றுக்கு அடியில் புகுந்து அதை மேலே தூக்கிவிடும். அங்கே புது மேகம் கிளம்பும். இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. என் படத்தில் அந்த மேகமே இல்லை. அது அப்போதுதான் எங்கள் தலைக்கு மேலே வளர்ந்துகொண்டிருந்தது.

தட்டு மாற்ற எழுந்த நேரம் இடித்தது. மழையா அது? ஆலங்கட்டியும் சேர்ந்து வந்தது. சனம் உட்கார்ந்திருந்த கதிரைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடியது. என் சித்தப்பா லட்டுத் தட்டையே கவிழ்த்துக்கொண்டார். லட்டெல்லாம் முற்றத்தில் உருண்டன.

வீட்டுக்குள் நெருக்கியடித்து நின்றோம். தட்டு மாறவில்லை, நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மாமா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமே நின்றுவிடுமோ என்று பயந்தேன். அதற்குள் மலரின் பெரியம்மா தொடங்கிவிட்டார். பச்சரிசி தின்கிற பிள்ளையின் கல்யாணத்தில் மழை பெய்யும் என்று மலரிடம் சின்ன வயதிலேயே சொன்னாராம், இவள் கேட்டாளா என்றார். அப்பாடா, பழி போடப் பச்சரிசி கிடைத்தது. நானும் பெரியம்மாவோடு சேர்ந்து தலையாட்டினேன்.

மலர் அதைப் பார்த்துவிட்டாள்.

"அரிசி தின்னது நான்தான் பெரியம்மா. தறப்பாளைக் கழட்டச் சொன்னது யாருன்னு இவரையே கேளுங்க" என்றாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "இந்த வாயை அடக்க ஒரு ஆள் வேணும்ப்பா. நானே கட்டிக்கிறேன், தட்டை மாத்துங்க."

மாமா சிரித்த சிரிப்பில் இடிகூடக் கேட்கவில்லை.

இப்போது எங்கள் மகள் அரிசி டின்னில் கை வைத்தால், மழை வரும் என்று வீட்டில் யாரும் மிரட்டுவதில்லை.

"தின்னாதடி," என்கிறார் பெரியம்மா, "உங்கப்பா மாதிரி மாப்பிள்ளை வந்துருவான்."

பிள்ளை உடனே டின்னை மூடிவிடுகிறாள்.