செதில் வரைந்த இதயம்

மீன் குழம்பைச் சாப்பிடுவதற்கு முன்னால் அதற்குள் கிடக்கும் மீனைப் படம் வரைந்தே தீர வேண்டும் என்று அடம்பிடித்த ஜீவன், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான். அவள் பெயர் செதில். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், வாட்ச்மேன் அண்ணாகூட "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்றுதான் சொல்வார்.

அவள் கோவளத்துப் பெண். அம்மா அங்கே கடற்கரையில் மீன் விற்கிறவர். நான் மதுராந்தகத்திலிருந்து பி.காம். படிக்க வந்தவள், அவள் விலங்கியல். இருவருக்கும் ஒரே அறை. வந்த அன்று பெட்டியைத் திறந்தாள். துணிமணிக்கு முன்னால் வெளியே வந்தவை ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு பவுடர் டப்பாவும். டப்பாவில் பவுடர் இல்லை. கழுவிக் காயவைத்த மீன் செதில்கள்.

"இதுல பாரு, வளையம் வளையமா கீதுல்ல? மரத்த வெட்டினா தெரியுமே, அத்த மாதிரி. மீனோட வயசு. இன்னா அழகு பாரு!"

"வயசைப் பார்க்கணுமா, அழகைப் பார்க்கணுமா?" என்றேன், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"ரெண்டும் ஒண்ணுதான்டி" என்றாள். அன்று சாயங்காலமே விடுதி முழுக்க அவளுக்குப் பெயர் சூட்டு விழா முடிந்துவிட்டது.

மெஸ்ஸில் மீன் போடுகிற நாளில் அவள் பக்கத்தில் உட்காரப் புதிதாய் வந்தவர்கள் பயப்படுவார்கள். நாம் மென்று துப்பும் முள்ளுக்காகக் கையை நீட்டிக்கொண்டு காத்திருப்பாள். "அக்கா, அந்தக் கன்னத்து எலும்ப கடிச்சிடாதீங்கக்கா, ப்ளீஸ்!" அத்தனை தட்டிலிருந்தும் பொறுக்கியதைக் கழுவி, ஜன்னல் ஓரத்தில் பசை போட்டு ஒட்டி, மறுபடியும் ஒரு முழு மீனாக்கிவிடுவாள். நாங்கள் தின்று தீர்த்தது எங்களையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

நண்டு விஷயம் இதைவிட மோசம். ஒருநாள் குளியலறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போன வார்டன் மேடம் போட்ட அலறல், சானடோரியம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். பக்கெட்டுக்குள் உயிரோடு ஒரு நண்டு.

"யாரோடது இது?"

"என்னுதுதான் மேடம். வரைஞ்சிகினு கீறேன். ஒரு பக்கத்துக் காலுதான் முடிஞ்சிது. சாயங்காலம் வரைக்கும் வுட்டுடுங்க மேடம்."

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானேம்மா இருக்கும்? ஒண்ணைப் பார்த்து இன்னொண்ணை வரைஞ்சிட்டுப் போயேன்!"

"இல்ல மேடம், இதுக்கு ரைட்டு கொடுக்கு பெருசு. நல்லா குனிஞ்சி பாருங்க."

மேடம் குனிந்து பார்த்தார். பார்த்தது மட்டுமல்ல, "ஆமா, பெருசாத்தான் இருக்கு" என்று சொல்லியும்விட்டார். அதற்குப் பிறகு எப்படித் திட்டுவது? நண்டு சாயங்காலம் வரை குளியலறையில் இருந்தது. நாங்கள்தான் குளிக்கவில்லை.

சிரிக்கத்தான் செய்தோம். ஆனால் அவளுக்கு ஒரு பெரிய கவலை உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. படிப்பை முடித்து என்னவாவது? கல்லூரி மியூசியத்தில் பாட்டிலில் கிடந்த தவளையை அவள் வரைந்து கொடுத்தபோது விலங்கியல் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "பாகங்களைக் குறிச்சாப் போதும்மா. தவளைக்கு எதுக்கு முகத்துல இவ்வளவு சோகம்?"

"பாட்டிலுக்குள்ளயே கீதே சார், பாவம்."

மதிப்பெண் போயிற்று. சரி, ஓவியம்தான் நமக்கு என்று ஓர் ஓவியப் பள்ளிக்குப் படங்களைத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே, "எல்லாம் துல்லியமா இருக்கு, ஆனா உணர்ச்சி இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விலங்கியலில் உணர்ச்சி அதிகம், ஓவியத்தில் உணர்ச்சி கம்மி. பஸ்ஸில் திரும்பி வரும்போது பள்ளிக்கரணை சதுப்பில் நின்ற நாரைகளைக்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

கோவளத்தில் அம்மா தெளிவாக இருந்தார். பி.எட். முடித்து டீச்சராகிவிட வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் என் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். பாதி இங்கிலீஷ், மீதி அதைவிடக் கஷ்டமான இங்கிலீஷ். அப்பா எழுந்து செருப்பைத் தேடினார். "நெஞ்சைப் பிளந்து பார்க்க நான் என்ன பலாப்பழமா? வீட்டுக்குப் போலாம் வா." அழுதேன், கெஞ்சினேன். அசையவில்லை.

செதில் பார்க்க வந்தாள். எல்லோரும் ஆரஞ்சுப் பழம் வாங்கி வருவார்கள். இவள் ஸ்கெட்ச் பேனாக்களோடு வந்தாள். வந்தவள் அப்பாவையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, உங்க கழுத்து நரம்பு சூப்பரா தெரியுதுப்பா. கொஞ்சம் ஆடாம இருங்க."

அப்பா வீட்டுக்குப் போவதை மறந்து ஆடாமல் இருந்தார். பேப்பர் தேடினாள், கிடைக்கவில்லை. காலியாக இருந்த பக்கத்துக் கட்டிலின் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த வெள்ளை உறையின் மேல் சிவப்பிலும் நீலத்திலும் ஓர் இதயம் எழும்பி வந்தது. நாலு அறைகள், குழாய்கள், நடுவில் சின்னச் சின்னக் கதவுகள். ஒரு கதவு மட்டும் முழுக்க மூடாமல் நின்றது. அதன் வழியாக ரத்தம் திரும்பி வழிவதை அம்புக்குறி போட்டுக் காட்டினாள். பார்க்கையில் எனக்கே மூச்சு வாங்கியது.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "ஏம்மா, இது நம்ம கிணத்து மோட்டார் ஃபுட் வால்வு மாதிரியில்ல இருக்கு? அது மூடலைன்னா ஏத்தின தண்ணியெல்லாம் திரும்பிப் போயிடும். மோட்டார் சும்மா ஓடிக் கெட்டுப்போகும்."

"அத்தேதான்ப்பா!"

"அட, அதை மாத்திட வேண்டியதுதானே! இதைச் சொல்லத்தான் அந்த ஆளு அவ்வளவு நேரம் பேசினாரா?"

அந்த ஆள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். டாக்டரைப் பார்த்ததும் நர்ஸ் தலையணையை ஒளிக்கப் பார்த்தார். டாக்டரோ அதை வாங்கிப் பார்த்தார். "யார் போட்டது?" என்றார். செதில் என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தாள்.

"இந்தக் குழாய் இன்னும் கொஞ்சம் பின்னால போகணும்மா."

"தலையணைய திருப்பிப் போட்டு இன்னொண்ணு வரையட்டுமா சார்?"

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகுதான் அதைச் சொன்னார். "இதுக்குன்னே படிப்பு இருக்கு, தெரியுமா? மருத்துவப் புத்தகத்துக்கு, ஆபரேஷன் சொல்லிக்கொடுக்கறதுக்கு, நோயாளிங்களுக்குப் புரியவைக்கறதுக்குப் படம் போடறவங்க இருக்காங்க. அறிவியலும் தெரியணும், கையும் ஓடணும். ரெண்டும் இருக்கறவங்கதான் கிடைக்க மாட்டாங்க."

செதில் வெளியே வந்து ஜி.எஸ்.டி. ரோட்டு இரைச்சலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "மெய்யாலுமேவா சொன்னாரு? அப்டி ஒரு வேல கீதுன்னு?"

அம்மாவைச் சம்மதிக்க வைக்க வேண்டுமே! கோவளத்துக்குப் போனோம். அவர் சங்கரா மீனை அறுத்துக்கொண்டே கேட்டார். "படிச்சிட்டு இன்னா பண்ணுவே?"

"டாக்டருங்களுக்குப் படம் போடுவேம்மா."

"ஏன், அவங்களுக்குக் கை இல்லியா?"

இதற்குப் பதில் எங்களிடம் இல்லை. திரும்பி வந்துவிட்டோம்.

பதில் என் அப்பாவிடம் இருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, நடமாடலாம் என்று டாக்டர் சொன்னதும், என்னையும் செதிலையும் கூட்டிக்கொண்டு கோவளத்துக்கு பஸ் ஏறினார். மீன் வாங்க வந்த கூட்டத்தின் நடுவில் நின்று சட்டைப் பொத்தானைக் கழற்றினார். "பாருங்கம்மா, உங்க பொண்ணு படம் போட்டுச் சொன்னதாலதான் இதுக்கு ஒத்துக்கிட்டேன். இல்லேன்னா இன்னைக்கு நான் இல்லை."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து தழும்பை மேலிருந்து கீழ்வரை ஆராய்ந்தார். "நேரா அறுத்துகீறாங்க. நல்ல கத்தி" என்றார். பிறகு மகளைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "சரி, போ. போய்ப் படி. அத்த வுட்டுட்டு என் மூஞ்ச இன்னாத்துக்குப் பாக்கறே?"

வடக்கே ஓர் ஊரில் இடம் கிடைத்தது. தாம்பரம் ஸ்டேஷனில் வழியனுப்பும்போது நான் அழுதேன். அவளோ என் முகத்தைக் கூர்ந்து பார்த்து, "அழும்போது உன் மூக்கு ஓரத்துல ஒரு தசை துடிக்குதுடி. அப்டியே இரு, பாத்துக்கிறேன்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய தசையும் துடிக்க ஆரம்பித்துவிட்டது.

அங்கிருந்து இன்னும் தூரம் போய்விட்டாள். இப்போது பனி கொட்டும் ஒரு நாட்டில், அறுவை அரங்கில் டாக்டர்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்து வரைகிறாள். நான் நாவலூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். பத்தாவது மாடியில் வீடு. குளியலறை எப்போதும் சுத்தமாக இருக்கிறது. வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது, யாராவது கத்தினால் தேவலை என்று தோன்றும்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தாள். ஜன்னலுக்கு வெளியே பனியைக் காட்டினாள். இந்த வருஷமும் லீவு கிடைக்காதாம். "இங்கருந்து ஒருத்தர் மெட்ராஸ் வராரு. உனுக்கு இன்னா வேணும், சொல்லு, குடுத்தனுப்பறேன்" என்றாள்.

நீதான் வேணும் என்று நாக்கு நுனி வரை வந்தது. "சாக்லேட்" என்றேன்.