ஆமை வளர்த்த கதை

“வரும் தபால் அன்றைக்கே பிரிக்கப்பட்டு உரியவரிடம் சேர வேண்டும். மாலையில் அலுவலகம் மூடும்போது தபால் தட்டு காலியாக இருக்க வேண்டும்.” இந்த விதியை எழுதியவன் நான். முதலில் கொழும்பில் ஒரு திணைக்களத்தில், பிறகு ரொறன்ரோவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில், மற்றவர்களுடைய தட்டுகளை எட்டிப் பார்த்தபடியே ஓய்வு பெறும் வயதுவரை வந்து சேர்ந்தவன். இந்த விதி வீட்டு மின்னஞ்சல் பெட்டிக்கும் பொருந்தும் என்பது எனக்கு 2009இல்தான் தெரிய வந்தது. தெரியப்படுத்தியவர்கள் என் மனைவியின் வீட்டார்.

எங்கள் குடும்பத்தில் எந்தப் படிவம் என்றாலும் “அத்தானிட்டக் குடுங்கோ” என்பதுதான் வழக்கம். கடவுச்சீட்டு, வருமான வரி, கல்யாணப் பதிவு எல்லாம் என் மேசைக்கு வரும். (மற்றவர்களுக்கு நிரப்பத் தெரியாது என்றில்லை. நான் பிழை கண்டுபிடிப்பேன் என்று பயந்து கொண்டுவந்து தருவார்கள்.) அந்த வருடம் மனைவி யோகாவின் ஒரே தம்பி குகன் வன்னியில் யுத்தத்துக்குள் அகப்பட்டிருந்தான். பொங்கலுக்குப் பிறகு அவனிடமிருந்து தொலைபேசி வரவில்லை. காணாமற்போனவர்களைத் தேடித்தரும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும் பொறுப்பு, வழக்கம்போல, எனக்கு.

யோகாவின் தங்கை வசந்தி பக்கத்து நகரமான அஜக்ஸில் இருந்து அதற்கென்றே வந்திருந்தாள்.

“அத்தான், பதில் வாறதுக்கு என்ர ஈமெயிலையும் போடுவமே?”

“ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு விலாசம். ரெண்டு போட்டா ஃபைல் ரெண்டாப் பிரியும்.”

“அப்ப இடைக்கிடை போன் அடிச்செண்டாலும் கேப்பம்.”

“கேக்கப்படாது. நினைவூட்டினா, மேல வந்த ஃபைலைத் திரும்ப அடியில வைப்பினம்.”

(நான் வைத்திருக்கிறேன்.)

ஆக, குகனைப் பற்றிய செய்தி இந்த உலகத்தில் வந்து சேரக்கூடிய வாசல் ஒன்றே ஒன்று: என் மின்னஞ்சல் பெட்டி.

அந்த வாசலை நான் எதனால் அடைத்தேன் என்று சொல்ல வேண்டும். என்னோடு வேலை செய்து ஓய்வு பெற்ற கென் என்ற கனடியர் ஒரு விளையாட்டுக் கழகம் நடத்தினார். கணினியில் ஆடும் பேஸ்போல். பழைய காலத்து ஆட்டக்காரர்களில் இருந்து ஆளுக்கொரு அணியைத் தெரிவு செய்ய வேண்டும்; ஒரு மைதானத்தையும் தெரிவு செய்ய வேண்டும். பிறகு கணினியே ஆடி, மாலையில் முடிவை மின்னஞ்சலில் அனுப்பிவிடும். யாரும் ஓட வேண்டியதில்லை. எங்கள் வயது முழங்கால்களுக்கென்றே செய்த விளையாட்டு.

மற்றக் கிழவர்கள் எல்லோரும் சின்ன மைதானங்களையும், பந்தை வேலிக்கு வெளியே தூக்கி அடிக்கும் தடியர்களையும் எடுத்தார்கள். நான் விதிமுறைகளை இரண்டு முறை வாசித்தவன் அல்லவா? இருப்பதிலேயே பெரிய மைதானத்தை எடுத்தேன். வேறு இடத்தில் வேலியைத் தாண்டும் பந்து அங்கே களத்தடுப்பாளனின் கையில் போய் அமைதியாக இறங்கும். பந்து வீசுபவனுக்கு அது சொர்க்கம். ஆகவே தடியர்கள் வேண்டாம். தட்டிவிட்டு ஓடுகிறவர்கள் போதும். வெளிக்களத்துக்கு முயல்போல ஓடும் மூன்று பேர். வீசுவதற்கு, எதிராளி பந்தை வானத்துக்கு அடிக்கும்படி வீசுகிற ஆட்கள். அவர்களை வேறு யாரும் தொடவில்லை. எல்லோரும் கழித்துவிட்டவர்களைப் பொறுக்கி எடுத்து, “பார், என் மூளையை” என்று இருந்தேன்.

அணிக்குப் பெயர் வைப்பதில்தான் சிக்கல். மற்றவர்கள் மிருகங்களின் பெயர் வைத்திருந்தார்கள். புலி, சிங்கம் இரண்டுமே அந்த வருடம் எங்கள் ஸ்காபரோப் பகுதியில் ஒரு தமிழன் விளையாட்டுக்கு வைக்கக்கூடிய பெயர்கள் அல்ல. யாருக்கும் மனம் நோகக் கூடாதென்று “ஸ்காபரோ ஆமைகள்” என்று வைத்தேன்.

பிறகு அறிக்கைகள் வரத் தொடங்கின. என் ஆட்டம் மட்டுமல்ல, எல்லா அணிகளின் எல்லா ஆட்டங்களும், ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது என்ற படத்தோடு வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ஒன்றையும் அழிக்கவில்லை. “பரிசீலனை முடியும்வரை எந்த ஆவணத்தையும் அழிக்கக் கூடாது” என்பதும் நான் எழுதிய விதிதான். இரண்டு விதிகள் மோதும்போது எது தனக்கு வசதியோ அதைப் பின்பற்றுவது, நாற்பது வருட உத்தியோகம் கற்றுத் தந்த ஞானம்.

என் கணினி நிலக்கீழ் அறையில் இருந்தது. மேலே வரவேற்பறையில் தொலைக்காட்சி வன்னியைக் காட்டிக்கொண்டிருந்தது. யோகாவும் வசந்தியும் நகர நடுவில், ஆயிரக்கணக்கான சனத்தோடு, குளிரிலும் மழையிலும் பதாகை பிடித்து நின்றுவிட்டு வருவார்கள். எனக்கு முழங்கால் சரியில்லை. (அதே முழங்கால் நிலக்கீழ் அறைப் படிகளில் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறி இறங்கியது என்று கேட்காதீர்கள்.) வந்ததும் வராததுமாக, ஈரச் சப்பாத்தோடு படித்தலைப்பில் நின்று யோகா கேட்பாள்:

“இஞ்சேருங்கோ, ஏதும் வந்ததே?”

“இன்னும் இல்லை. நடைமுறை எண்டு ஒண்டிருக்கு. பொறும்.”

ஏன் அங்கேயே கிடந்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த அறிக்கைகளில் ஒவ்வொரு ஆளின் பெயரும் இருந்தது. அவனுக்கு அன்றைக்கு என்ன நடந்தது என்பதும் இருந்தது. ஒருவனும் விடுபடவில்லை. மேலே தொலைக்காட்சியில் அப்படி இல்லை. இது காரணம், சமாதானம் அல்ல.

மைதானத் தத்துவமும் படுத்துவிட்டது. சொந்த மைதானத்தில் ஆமைகள் வென்றார்கள். ஆனால் பாதி ஆட்டம் அடுத்தவன் மைதானத்தில் நடக்கும் என்பதை நான் மறந்துபோனேன். அங்கே என் ஆட்கள் வானத்துக்கு அடிக்கவிட்ட பந்தெல்லாம் வேலிக்கு வெளியே மழைபோலப் பொழிந்தது. உடனே பிரிவு, உட்பிரிவு எல்லாம் காட்டி, அது அநீதி என்று கென்னுக்கு நீண்ட முறைப்பாடு ஒன்று அனுப்பினேன். பதில் இல்லை. நினைவூட்டினேன். பதில் இல்லை. மறுபடியும் நினைவூட்டினேன். அறிக்கைகளும் நின்றுபோயின; கென் கோபத்தில் நிறுத்திவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

யுத்தம் முடிந்தது என்று அறிவித்தார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வசந்தி சமைத்துக்கொண்டு வந்திருந்தாள். எங்கள் வீட்டில் ஒருவரும் அடுப்பு மூட்டவில்லை. குசினி மேசையைச் சுற்றி இருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தொலைபேசி அடித்தது. எனக்குக் காது மந்தம். எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டுத்தான் கதைப்பேன். கென்.

“உன்னுடைய முறைப்பாட்டுக்கு எத்தனை தரம் பதில் போடுவது? எல்லாம் திரும்பி வருகிறது. உன் பெட்டி நிரம்பி வழிகிறது, ஐயா. அந்த ஆட்ட அறிக்கைகளைக் கொஞ்சம் அழி.”

வசந்தி கையில் சோற்றோடு நிமிர்ந்தாள்.

“அத்தான், எந்தப் பெட்டி?”

நான் ஒலிபெருக்கியை நிறுத்தினேன்.

“எந்தப் பெட்டி அத்தான்? நாங்கள் படிவத்தில குடுத்த பெட்டியோ?”

எல்லோரும் நிலக்கீழ் அறைக்கு இறங்கினோம். நான் அழிக்க, பின்னால் நின்று வசந்தி தலைப்புகளை உரத்து வாசித்தாள். “ஆமைகள் எதிர் கரடிகள். ஆமைகள் எதிர் கழுகுகள். உதென்னது அத்தான், ஆமை?”

“என்ர ஆக்கள்.”

“ஆமை பூந்த வீடு எண்டு சும்மாவே சொன்னவை?” என்றாள் வசந்தி.

யோகா மட்டும் மெதுவாகக் கேட்டாள்: “வெண்டனீங்களோ?”

“வீட்டில வெண்டனாங்கள்.”

“வெளியில?”

நான் அடுத்த அறிக்கையை அழித்தேன்.

மறுநாள் காலை வசந்தி என் கட்டளையை மீறி நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். அங்கிருந்த உத்தியோகத்தர் சொன்னார்: ஓம், பதில் அனுப்பினோம். திரும்பி வந்தது. மறுபடியும் அனுப்பினோம். அதுவும் திரும்பி வந்தது. தொடர்பு கிடைக்காத கோவை, அதாவது ஃபைல், மூடப்பட்டுவிட்டது, புதிதாக விண்ணப்பிக்கவும். பதிலில் என்ன இருந்தது என்று தொலைபேசியில் சொல்ல முடியாது. அந்த உத்தியோகத்தரில் ஒரு பிழையும் இல்லை. நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன், இன்னும் கடுமையான குரலில்.

பதில் என்று ஒன்று இருக்கிறது. உயிரோடு என்றா, இல்லை என்றா, தெரியாது. அதை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியவை ஆமைகள்.

யோகா கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். புதிய படிவத்தை எடுத்து, என் பேனாவையே எடுத்து, என் நாற்காலியில் இருந்தாள்.

“இனி நான் எழுதுறன். நீங்கள் தேத்தண்ணி கொண்டாங்கோ.”

தன் விலாசம், வசந்தியின் விலாசம், இரண்டையும் போட்டாள். வெள்ளிக்கு வெள்ளி தொலைபேசியில் நினைவூட்டினாள். கோவை ஒன்றும் அடிக்குப் போகவில்லை. நாற்பது வருடமாக நான் ஊருக்குச் சொன்ன தத்துவம் அதோடு முடிந்தது. ஆமைகளைக் கென்னிடம் ஒப்படைத்துவிட்டு, பதில் வரும்வரை தேத்தண்ணிக்கு நானே பொறுப்பாக இருந்தேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கொண்டாட்டங்களில், சாப்பாடு போதும் என்று நான் கையை மறித்தால் யாராவது “அத்தான்ர பெட்டி நிரம்பீட்டுது” என்பார்கள். ஆனால் முழுக் கதையையும் சொல்லும் உரிமை ஒருவனுக்குத்தான். இப்போது எங்களுக்குப் பக்கத்தில், டோர்செட் பார்க்கில் குடியிருக்கும் அவன், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித்தான் தொடங்குவான்: “நான் அங்க முகாமில லைன்ல நிண்டு பேர் குடுக்கேக்க, அத்தான் இஞ்ச ஆமை வளர்த்தவர்.” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைப்பேன்.

குகன் உயிரோடு இருக்கிறான் என்ற பதில் யோகாவின் பெட்டிக்கு வந்தது. திகதி: 2009 யூன் 23, செவ்வாய்க்கிழமை.