நாற்பத்திரண்டு அடிக் கம்பளம்

பள்ளிக்கூடத்தில் படித்த ஒரே ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு மீதி ஆயுள் முழுவதையும் ஓட்டிவிடுகிற ஒரு ரகம் உண்டு. உங்கள் தெருவில் இல்லையா? இன்னொரு முறை தேடிப் பாருங்கள்.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாக்காரரான ஆர்லோ பெங்ட்சனுக்கு வாய்த்த பாடம் மின்சாரம். எட்டாம் வகுப்பு, பதினொன்றாம் பாடம். கோதுமைக் கிடங்கில் முப்பத்தோரு வருஷம் எடை போட்டு ஓய்வு பெற்ற அந்த மனிதருக்கு முதல் பத்துப் பாடங்களும் மறந்துபோய், இது மட்டும் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது. மனைவி வெர்னா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், சுற்று எங்கேயோ அறுந்திருக்கிறது என்பார். கொழுந்தியாள் இருவர் முறைத்துக்கொண்டால், ஒரே மின்னூட்டம், விலகத்தான் செய்யும் என்பார். கிறிஸ்துமஸ் மரத்தில் ஒரு பல்பு போய் மொத்தச் சரமும் அணைந்தால் போதும், குடும்பமும் இப்படித்தான், தொடர் இணைப்பு, ஒருவர் அணைந்தால் எல்லாருக்கும் இருட்டு என்று அரை மணி நேரம் பேசுவார்.

வெர்னா ஒருமுறை சொன்னாள்: "அப்ப எங்கள பக்க இணைப்புல போட்டுடு. நீ அணைஞ்சாலும் நாங்க எரிவோம்."

குளிர்காலம்தான் அவருடைய பருவம். காற்று அப்பளமாய்க் காய்ந்து, தொட்டதெல்லாம் சுள்ளென்று கடிக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை, வீட்டுச் சாவியால் ஏதாவது இரும்பைத் தட்டி உடம்பு மின்சாரத்தை இறக்காமல் யாரையும் தொடமாட்டார். பெற்ற பெண்ணையும்தான்.

அந்தப் பெண் கிறிஸ்டாவுக்கு ஜனவரியில் கல்யாணம். தேவாலயத்தில் அப்போதுதான் புது நைலான் கம்பளம் விரித்திருந்தார்கள். ஆர்லோ போய் அளந்தார். நாற்பத்திரண்டு அடி. அதன்மேல் முக்காட்டின் நைலான் வலைத்துணியை உரசி, உடம்பெல்லாம் மின்சாரம் ஏற்றிக்கொண்டு மணப்பெண் நடப்பதா? அவள் குதிகாலில் செப்புக் கம்பியைக் கட்டி, மறுமுனையைத் தண்ணீர்க் குழாயில் முடிந்துவிடலாம் என்று யோசனை சொன்னார்.

"அவ மணப்பொண்ணு," என்றாள் வெர்னா. "இடிதாங்கி இல்ல."

அவர் விடவில்லை. பெண்ணைத் தொட்டால்தானே பொறி பறக்கும்? வழக்கப்படி பெண்ணைக் கைபிடித்து மாப்பிள்ளையிடம் கொண்டு சேர்க்கவேண்டிய அப்பா, தொடாமலே கூட்டிப்போவது என்று முடிவு செய்தார்.

தேவாலயத்து ஆர்கன் வாத்தியம் முழங்கியது. கிறிஸ்டா கையை நீட்டினாள். அப்பா இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு ஒரு முழம் தள்ளியே நடந்தார். பாதிக் கம்பளத்தில் அவள் நின்றுவிட்டாள். ஆர்கன்காரர் அதே இரண்டு வரியை மூன்றாம் முறையாக வாசித்தார். ஆர்லோ கிசுகிசுப்பாக எலக்ட்ரான்களைப் பற்றி விளக்க ஆரம்பித்தார்.

"அப்பா," என்றாள். "இன்னிக்காவது கையப் பிடிப்பா."

அவள் கண் நிறைந்திருந்தது. பதினொன்றாம் பாடத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. எத்தனை குளிர்காலம் இந்தக் கையைப் பிடிக்காமல் விட்டோம் என்று எண்ணப் பார்த்தார், எண்ண முடியவில்லை. கையை வெளியே எடுத்துப் பிடித்தார்.

படீர்! கடைசி பெஞ்சு வரை கேட்டது. முக்காடு தானாக எழும்பி ஆர்லோவின் முகத்தில் அப்பிக்கொண்டது. கிறிஸ்டா அழுதுகொண்டே சிரித்தாள். அவர் பதறிப்போய்க் கையை உதறப் பார்த்தார்.

மாப்பிள்ளை டேல் மின்கம்பம் ஏறுகிற வேலை பார்ப்பவன். முன்னால் நின்றபடியே சொன்னான்: "விடாதீங்க மாமா. விட்டுட்டு விட்டுட்டுத் தொட்டாத்தான் பொறி வரும். பிடிச்ச பிடியில இருந்தா ஒண்ணும் செய்யாது."

வாழ்க்கையிலேயே இரண்டாவது பாடம். ஆர்லோ அதையும் பிசின் மாதிரி பிடித்துக்கொண்டார்.

இந்தப் பெண்ணைக் கொடுப்பது யார் என்று பாதிரியார் கேட்டார். நான்தான் கொடுக்கிறேன், ஆனால் கையை விடமுடியாது என்றார் ஆர்லோ. பாதிரியார் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மேற்கூரையைப் பார்த்தான். வலக்கை அப்பாவிடம் இருக்க, இடக்கையில் மோதிரம் ஏறியது. முத்தம் கொடுக்கும் கட்டம் வந்ததும், மூவரும் ஒரே இணைப்பில் இருப்பதால் ஆபத்தில்லை என்று சபையைப் பார்த்து ஆர்லோ உறுதி கூறினார்.

வெர்னா எழுந்தாள். செருப்பை நன்றாகத் தேய்த்துத் தேய்த்து கம்பளத்தின்மேல் நடந்து வந்தாள். ஒற்றை விரலால் புருஷனின் காது நுனியைத் தொட்டாள். சுள்! பிடி தானாக விட்டது. அந்தக் கையைத் தான் பற்றிக்கொண்டு முதல் பெஞ்சுக்கு இழுத்துப்போய் உட்காரவைத்தாள்.

"இப்ப என்னப் பிடிச்சுக்க," என்றாள். "ஒரு வார்த்தை பேசக்கூடாது."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். முன்னால் பெண் முத்தமிட்டதை, மின்னோட்டம் எந்தத் திசையில் போகிறது என்று யோசிக்காமல், சும்மா பார்த்தார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன வாரம் உங்கள் பிள்ளை ஏதோ மனதுவிட்டுச் சொல்ல வந்தபோது, முதல் வாக்கியம் முடிவதற்குள் குறுக்கே புகுந்து ஒரு விளக்கம் கொடுத்தீர்களே, அது நீங்கள் எந்த வகுப்பில் படித்தது?