திரும்பி வந்த சரக்கு

வந்திருந்தோர்: மீள்வரவுப் பிரிவின் உதவி அதிகாரி திரு. கிருபாநிதி, எம்.ஏ. (தலைமை). தலைமை எழுத்தர் திரு. ஆறுமுகநயினார். தோணியை ஓட்டி வந்த தண்டல் லசார் மச்சாது. கொழும்பில் விலைபோகாமல் திரும்பிய வெங்காயம், மூட்டைகளில். அதே தோணியில் வந்த மாணவன் செந்தில்வேல். சரக்கு அடைக்கும் கிட்டங்கிகளின் காவலாளியாகிய நான். இரவு வேலை முடிந்தும் வீட்டுக்கு விடப்படாதவன்.

மனித குலம் கண்ட நீதிமன்றங்களிலெல்லாம் உயர்ந்தது தூத்துக்குடித் துறைமுகத்தில், ஒரு தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. 1974 ஏப்ரலில் நான் அதைக் கண்ணால் கண்டேன்.

செந்தில்வேல் இலங்கைக்காரன். பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. கடைசி வருஷம். அப்பா சாகக் கிடக்கிறார் என்று தந்தி வந்ததும் கப்பலுக்குக் காத்திராமல் மச்சாதின் தோணியில் ஏறிப் போனான். கொள்ளி வைத்தான். தோணியின் அடுத்த நடையில் திரும்பினான். மறுநாள் காலை அவனுக்கு இறுதித் தேர்வு. தவறினால் இன்னொரு வருஷம் படிக்க வேண்டும். படிக்க வைக்க ஆள் இல்லை.

வெளிநாட்டு மாணவர் பக்கத்து நாட்டுக்குப் போய் ஒரு மாதத்துக்குள் திரும்பினால் பழைய விசாவிலேயே உள்ளே விடலாம் என்று மேலிடத்துச் சுற்றறிக்கை சொன்னது. இரக்கமுள்ள அறிக்கை. அதில் விமானம் இருந்தது, ரயில் இருந்தது, கப்பல் இருந்தது. தோணி இல்லை.

சாதாரண அதிகாரி இங்கே திகைத்திருப்பார். கிருபாநிதி திகைக்கவில்லை. தோணியில் போய்த் திரும்புவதற்கு விதி இல்லாமலா? இருக்கிறது, சரக்குக்கு. ஆகவே 'திரும்பி வந்த சரக்கு விதி'ப்படி வெங்காயத்தையும் செந்தில்வேலையும் ஒரே அமர்வில் விசாரிக்கத் திருவுளம் கொண்டார்.

விதி எளிது. போன சரக்கேதான் வந்திருக்க வேண்டும். நிலை மாறியிருக்கக் கூடாது.

முதலில் வெங்காயம். ஆறுமுகநயினார் ஒரு மூட்டையை அவிழ்த்தார். விரல் நீளத்துக்கு முளை.

"என்னவே இது, தாடி மாதிரி?" என்றார் கிருபாநிதி.

"முளை சார். கடக் காத்துக்கு விட்ருக்கு."

"வளந்திருக்கு, அவ்வளவுதான? வளர்ச்சியத் தடுக்கச் சர்க்கார் சொல்லல. பாஸ் பண்ணும்."

வெங்காயம் தாயகம் சேர்ந்தது. அடுத்த சரக்கு முன்னே வந்தது.

கிருபாநிதி பாஸ்போர்ட் படத்தைப் பார்த்தார். சுருட்டை முடி, மீசை. எதிரே நின்றது மொட்டை.

"முடி எங்க தம்பி?"

"அப்பாவுக்குக் கொள்ளி வச்சேன் ஐயா. மொட்டை அடிச்சாங்க."

"போறப்ப இருந்திச்சா?"

"இருந்திச்சு."

"வாரப்ப இல்ல." எழுத்தர் பக்கம் திரும்பினார். "சரக்குல குறைவு. எழுதிக்கிடும்."

மச்சாதுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, நாந்தான கூட்டிட்டுப் போனேன், நாந்தான கொண்டாந்தேன். அதே பயதான். வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கிட்டே வந்தான்."

"அப்பம் எடையும் கொறஞ்சிருக்கும்," என்றார் ஆறுமுகநயினார், எழுதியபடியே.

"அங்கன யாருட்ட ஒப்படைச்சீரு?" என்று கேட்டார் கிருபாநிதி.

"அவங்க அப்பாட்ட."

"அவரு கையெழுத்து?"

"அவருதான் செத்துட்டாரே ஐயா! வெங்காயத்துக்கு மட்டும் எவன் கையெழுத்துப் போட்டான்?"

"வெங்காயத்த இதுல இழுக்காதயும். அது நம்ம ஊர்ப் பொருளு."

செந்தில்வேல் கையெடுத்துக் கும்பிட்டான். "ஐயா, நாளைக்குப் பரீட்சை. எழுதிட்டு இங்கேயே வந்து நிக்கிறேன். பிறகு எங்க வேணும்னாலும் அனுப்புங்க."

கிருபாநிதி கண்ணாடியைத் துடைத்தார். கனிந்த மனிதர், ஞாயிறுதோறும் பக்கத்து நாசரேத் ஊர்த் தேவாலயப் பாடற்குழுவில் பாடுகிறவர். "நான் ஒனக்கு எதிரி இல்ல தம்பி. முடி வளரட்டும். படத்துல உள்ள மாதிரி ஆனதும் மனு குடு. நானே கையெழுத்துப் போடுதேன்."

"அதுவரைக்கும்?"

"சந்தேகச் சரக்கு எங்க கிடக்குமோ, அங்கன."

படிப்பை நானாகவே விட்டவன் நான். இவனை விடவைக்க ஓர் அலுவலகமே கூடி உழைத்தது. அந்த உழைப்பை வணங்குகிறேன்.

ஜன்னல் உள்ள கிட்டங்கியைத் திறக்கப் போனேன். ஆறுமுகநயினார் தடுத்தார்.

"ஏலே, அது வெங்காயத்துக்கு. லாரி வார வரைக்கும் காத்து வேணும். இல்லன்னா அழுகிரும்."

"அப்பம் இவரு?"

"இவரு அழுகுவாருன்னு விதியில எங்க போட்டிருக்கு?"

செந்தில்வேல் புத்தகப் பையோடு பக்கத்துக் கிட்டங்கிக்குள் போனான். "உள்ள வெளிச்சம் வருமா அண்ணே? படிக்கணும்," என்றான்.

வெங்காயம் அழுகினால் வியாபாரி வந்து கேட்பார். இவனைக் கேட்டு வர இருந்த ஒருவரையும் இவனே எரித்துவிட்டு வந்திருந்தான். கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினேன்.