சட்டையில் ஸ்பிரிட் வாசம்

வடிகட்டி செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி அவன் சட்டையைப் பிடித்து முகர்ந்துவிட்டாள்.

“திரும்பவும் குடிச்சிருக்கீங்க!”

“சத்தியமா இல்லடி. இது வேலையோட வாசம்.”

“இன்னொரு தடவை இந்த வாசம் வந்துச்சு, அப்பாவைக் கூட்டிக்கிட்டு நான் கிளம்பிடுவேன்.”

நாற்காலியில் கைத்தடியை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்த மாமனார் பெருமூச்சு விட்டார். டீ கூடத் தொடாதவர் என்று மகளுக்குப் பெருமை.

“நான் அப்பவே சொன்னேன்மா.”

வடிகட்டி என்பது அவனுக்கு ஆலையில் வைத்த பெயர். மருந்துக்கு எண்ணெய் எடுக்கும் ஆலை, லைசென்ஸ் உள்ளது. பூவையும் இலையையும் ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு வடிப்பது அவன் வேலை. அவன் குடியை விட்டுப் பதினோரு மாதம். நாள் முழுக்கத் தொட்டியோரம் நிற்பவன் மேல் பன்னீரா மணக்கும்?

“அது சாராயம் இல்லடி, கஞ்சா! கஞ்சா ஊறுற வாசம்!” என்று கத்திவிட்டான்.

எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

“ஓ, அது வேறயா?” என்றாள் மனைவி.

மறுநாள் சூப்பர்வைசர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஐஸ் பகுதிக்கு மாறினான். அங்கே ஸ்பிரிட்டே கிடையாது. ஐஸ் தண்ணீரில் பூவைக் கலக்கி, உதிரும் பிசினைச் சல்லடையில் பிடிப்பார்கள். சாயங்காலம் வீட்டில் தண்ணீர் குடித்தால் டம்ளர் பல்லில் தாளம் போட்டது. கை அப்படி நடுங்கியது.

மாமனார் உற்றுப் பார்த்தார். “திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் ஆடும். மூணாம் நாள் சரியாயிடும்.”

“பாருங்க, சாராய வாசம்கூடத் தெரியாத அப்பாவே கண்டுபிடிச்சிட்டாரு!”

மறுபடியும் கெஞ்சல். இந்த முறை கேஸ் பகுதி. அழுத்தம் கொடுத்த வாயு இரும்புக் குழாய்க்குள் புகுந்து எண்ணெயைப் பிரித்துக்கொண்டு வரும். வாசமில்லை, குளிரில்லை. சம்பளம்தான் குறைவு. போகட்டும், குடும்பம் மிஞ்சினால் போதும் என்று குளித்த குழந்தை மாதிரி வீட்டுக்கு வந்தான்.

மனைவி சட்டையை முகர்ந்தாள். ஒன்றுமில்லை. கூடத்தை முகர்ந்தாள். முகம் சிவந்தது.

“வீடே நாறுது! சட்டைய மாத்திட்டு வந்து என்னை ஏமாத்தப் பாக்குறீங்களா?”

பெட்டி கட்டிலடியிலிருந்து வெளியே வந்தது. வாயைத் துண்டால் பொத்தியிருந்த மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டே எழுந்தார்.

“மாப்ளே, பேசாம பழைய பகுதிக்கே போயிடுங்க. அதான் குடும்பத்துக்கு நல்லது.”

பெட்டியோடு அவள் கதவைத் திறந்தாள். வாசலில் தெருமுனை மதுக்கடைக்காரர், கையில் அந்தக் கைத்தடி.

“பெரியவர் கடையில விட்டுட்டு வந்துட்டாரும்மா. ஆமா, மாப்பிள்ளைய மறுபடி ஸ்பிரிட்டுக்கு எப்ப மாத்துவாங்க? அதுவரைக்கும் அரை கிளாஸ்தான்னு, பாவம், ஒரே அழுகை!”