நான் பூட்டிய கம்ப்யூட்டர்

பொய் சொல்லிக் கல்யாணம் முடித்தவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை. பொய்யைச் சொன்னவர் கல்யாணத் தரகர். நான் தலையை மட்டும்தான் ஆட்டினேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கடலாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியார் வேலை. வாத்தியார் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். பிள்ளைகளுக்கு மவுஸைப் பிடித்து வீடு, மலை, சூரியன் வரையச் சொல்லித்தருவேன். (சூரியன் எனக்கே கொஞ்சம் கோணலாகத்தான் வரும்.) மெஷின் மக்கர் செய்தால் அணைத்துவிட்டு மறுபடி போடுவேன். அதற்கும் மசியவில்லை என்றால் ஓனருக்கு ஆள் அனுப்புவேன். அத்துடன் என் தொழில்நுட்பம் முடிந்தது.

தரகர் பரமக்குடியில் ஒரு பெண் வீட்டில் போய், "மாப்பிள்ள கம்ப்யூட்டரே செய்வாரு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பெண்ணின் பெயர் வளர்மதி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த பெண். போட்டோ வந்தது. அதைப் பார்த்த பிறகு தரகர் சொன்னதை மறுத்துப் பேசும் யோக்கியம் என்னைவிட்டுப் போய்விட்டது.

ஒருநாள் பெண்ணின் தாய்மாமன் சென்டருக்கே நேரில் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா.

"தம்பி கம்ப்யூட்டர் செய்வீகளாமே?"

தலையை ஆட்டினேன்.

"வீட்லயும் ஒண்ணு செஞ்சு வச்சிருப்பீகள்ல?"

ஆடுகிற தலை ஆடிக்கொண்டேதான் இருக்கும். அதற்கும் ஆட்டினேன்.

"அப்பச் சரி. அடுத்த வார ஞாயித்துக்கிழமை வீடு பாக்க வாரோம். அப்படியே அதையும் பாத்துருவோம்."

எங்கள் வீட்டில் அப்போது கரண்டில் ஓடிய பொருட்கள் மொத்தம் நான்கு. ஃபேன், டிவி, மிக்ஸி, கிணற்று மோட்டார். இவற்றில் எதையும் நான் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் கம்ப்யூட்டர் இல்லை என்றால் வளர்மதி இல்லை. அந்த அளவுக்குக் கணக்கு எனக்குத் தெரிந்திருந்தது.

அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் சொன்னேன். மிளகாய் விற்ற காசு கையில் இருந்த நேரம். "ரெடிமேடா ஒண்ணு வாங்கிட்டு வந்துரு" என்றார். "இல்லய்யா, தனித்தனியா வாங்கிப் பூட்டணும். அதுதான் செய்யிறது" என்றேன். அய்யா யோசித்துவிட்டு, "அப்ப நானும் வாரேன்" என்றார். எங்கள் வீட்டுக்குள் நுழைந்த ஒவ்வொரு மாட்டையும் சந்தையில் பார்த்துப் பிடித்தவர் அவர்தான். முப்பது வருடத்தில் ஒரு மாடுகூடச் சோடை போனதில்லை. நான் தனியாகப் போய் எதையாவது ஓட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்கிற பயம் அவருக்கு இருந்தது நியாயம்தான்.

மதுரையில் ஒரு கடை. நான் ஒரு பத்திரிகையில் வந்த பட்டியலைப் பார்த்து எழுதிக் கையில் வைத்திருந்தேன். கடைக்காரர் மதர்போர்டை எடுத்து மேஜையில் வைத்தார். அய்யா அதைத் தொடவில்லை. முன்னால் நின்று பார்த்தார். மேஜையைச் சுற்றிப் பின்னால் போய்ப் பார்த்தார். குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"வேற ஒண்ணு எடுங்க. இதுல சுழி சரியில்ல."

"எது சார்?"

"இந்தா, நெத்திக்குப் பக்கத்துல செம்புக் கம்பி சுருண்டு கெடக்குல்ல. இடது பக்கமாச் சுத்துது பாருங்க."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. கடைக்காரர் நல்ல மனுஷன். சிரிக்காமல் அதே கம்பெனியில் அதே மாடலில் நான்கு எடுத்து வரிசையாக வைத்தார். நான்கும் ஒரே அச்சு. நான்கிலும் கம்பி இடது பக்கமாகத்தான் சுற்றியிருந்தது. அய்யா நேரம் எடுத்து மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். "இது பரவால்ல. மொகத்துல ஒரு களை இருக்கு."

அடுத்தது ரேம். என் பட்டியலில் ஒன்று என்று எழுதியிருந்தேன். ரேம் என்றால் என்ன என்று அய்யா கேட்டார். வேலை இழுக்கிற சாமான் என்று சொல்லிவைத்தேன்.

"வேல இழுக்குறத யாராச்சும் ஒத்தையா வாங்குவாகளா? அதையே பாதிப் பாதியா, ஒரே நெறத்துல ஜோடியாக் குடுங்க."

மானம் போயிற்று என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது கடைக்காரர், "அய்யாவுக்கு விசயம் தெரிஞ்சிருக்கே. இந்த போர்டுக்கு ஜோடியாப் போட்டாத்தான் வேகம்" என்றார். உடனே நான், "ஆமா, நானும் அதத்தான் சொல்ல வந்தேன்" என்றேன். (சொல்ல வரவே இல்லை.)

இனி நான் தேர்ந்தெடுத்தவை. கேபினட்டில்தான் என் முழுக் கவனமும் இருந்தது. பக்கத்தில் கண்ணாடி போல ஒரு ஜன்னல், உள்ளே நீல விளக்கு, தேர் மாதிரி இருந்தது. வீடு பார்க்க வருகிறவர்கள் புராசஸரின் வேகத்தையா பார்க்கப் போகிறார்கள்? புராசஸருக்கு மேலே மாட்டுகிற ஃபேனைக்கூட விளக்கு எரிகிறதா என்று பார்த்துத்தான் எடுத்தேன். அதனுடன் கடைக்காரர் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொடுத்தார். ஷாம்பு பாக்கெட் அளவு.

"ஃபேனுக்கும் புராசஸருக்கும் நடுவுல இந்தப் பேஸ்ட்ட மறக்காம வச்சிருங்க. சூட்ட மேல கடத்துறது இதுதான்."

"தெரியும்" என்றேன். அந்த வயதில் நான் அதிகம் உபயோகித்த வார்த்தை அது. பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மானிட்டரை நானும், கேபினட்டை அய்யாவும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தோம்.

வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது என்று அம்மா சொன்னதால் அன்று காலையில் நடு வீட்டில் பெட்ஷீட் விரித்து உட்கார்ந்தேன். பத்திரிகையில் ஒரு எச்சரிக்கை போட்டிருந்தது. நம் உடம்பில் இருக்கும் மின்சாரம் பாகங்களைச் சுட்டுப் பொசுக்கிவிடும், ஆகவே தரையில் இறங்கிய இரும்பை அடிக்கடி தொட வேண்டும். எங்கள் வீட்டில் தரையில் இறங்கிய இரும்பு என்றால் வாசலில் இருக்கும் அடிகுழாய். ஒரு திருகாணி மாட்டுவேன், வாசலுக்கு ஓடி அடிகுழாயைத் தொடுவேன், திரும்ப வருவேன். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் நாலாவது தடவையிலிருந்து குடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விசாரித்தார்.

"இது என்னய்யா, சதுரமா?"

"இதும்மா புராசஸர். இதுதான் மூளை. மத்ததெல்லாம் கை கால்."

"இம்புட்டூண்டா?"

அதைப் பதவிசாக அதன் இடத்தில் உட்கார வைத்தேன். உடனே உடம்பில் மின்சாரம் ஏறிவிட்டது போலத் தோன்றியது. அடிகுழாய்க்கு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால், புராசஸரின் நட்ட நடுவில் பட்டாணி அளவுக்குப் பேஸ்ட் வட்டமாக வைத்திருந்தது. பத்திரிகையில் போட்டிருந்த படம்போலவே இருந்தது. பதினைந்து தடவை ஓடியதில் எதைச் செய்தேன், எதைச் செய்யவில்லை என்பது எனக்கே குழம்பிக் கிடந்தது. நானே வைத்துவிட்டேன் போல என்று நினைத்தேன். கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. லேசாக மணக்கவும் செய்தது. ஃபாரின் சாமான் மணக்கத்தானே செய்யும் என்று ஃபேனை வைத்து அழுத்திப் பூட்டினேன்.

அப்போதுதான் அம்மா குங்குமச் சிமிழுடன் உள்ளேயிருந்து வந்தார். நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "அம்மா, கரண்ட் சாமான். உள்ள ஒரு பொட்டுகூட வைக்கக் கூடாது. வைக்கிறதா இருந்தா வெளிய வச்சுக்கங்க." நான் பூட்டிய ஃபேனை அம்மா ஒரு பார்வை பார்த்தார். கேபினட், மானிட்டர், கீபோர்டு எல்லாவற்றுக்கும் வெளியே மட்டும் சந்தனம், குங்குமம் வைத்தார். படித்த பிள்ளை இருந்து தடுக்கவில்லை என்றால் என்ன ஆகியிருக்கும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்றைக்கு மெஷின் பிரமாதமாக ஓடியது. 'நல்வரவு' என்று பெரிய எழுத்தில் திரையில் ஊர்ந்து போகிற மாதிரி செய்துவைத்தேன். சனிக்கிழமை இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்றால் அய்யா விடவில்லை. "நாளைக்கு ஏர் பூட்டுற மாட்ட இன்னிக்கு யாராச்சும் ஓட்டுவானா? சும்மா கெடக்கட்டும்லே" என்று துண்டைப் போட்டு மூடிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பாவும் தாய்மாமனும் வந்தார்கள். அப்பா வாயைத் திறக்கவே இல்லை. மாமன் வாயை மூடவே இல்லை. நீல விளக்கு எரிந்தது, 'நல்வரவு' ஊர்ந்தது. அம்மா பலகாரத் தட்டுடன் வந்த நேரத்தில் வீடு முழுக்க ஒரு வாசனை பரவியது. பெண்ணின் அப்பா மூச்சை இழுத்துவிட்டு முதன்முதலாகப் பேசினார்.

"வீடு கோயில் மாதிரி மணக்குது."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அம்மா மட்டும் சாமி படத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே ஊதுபத்தி எதுவும் கொளுத்தவில்லை. சம்பந்தி வாயால் நல்ல வார்த்தை வந்துவிட்டது, இனி என்ன என்று நான் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

கேபினட் கத்த ஆரம்பித்தது.

ஆம்புலன்ஸ் சத்தம். அச்சு அசலாக அதே சத்தம், ஏறி இறங்கி, ஏறி இறங்கி. அப்படி ஒரு சத்தம் அதற்குள் இருக்கிறது என்று என் பட்டியலில் எங்கேயும் போடவில்லை. வாசலில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. எதிர்வீட்டுக்காரர், "யாருக்கு என்னாச்சு" என்று உள்ளே வந்துவிட்டார். நான் பாய்ந்து போய் அணைத்தேன். அணைத்தது மானிட்டரை. 'நல்வரவு' போய்விட்டது, ஆம்புலன்ஸ் போகவில்லை.

அய்யா நிலைமையைக் கையில் எடுத்தார். "ஒண்ணுமில்ல. வீட்டுக்கு ஆள் வந்தா சத்தம் குடுக்கும். அப்படிச் செஞ்சிருக்கான்."

"நாங்க வந்து அர மணி நேரம் ஆச்சே" என்றார் மாமன்.

அதற்குள் மெஷின் தானாகவே அணைந்துபோனது. "லோ வோல்டேஜ்" என்றேன். மாமன் நிமிர்ந்து மேலே பார்த்தார். சீலிங் ஃபேன் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. இருவரும் காபியைக் குடித்துவிட்டு, "கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்று கிளம்பினார்கள். அந்த வார்த்தைக்கு எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். நான் இரண்டு நாள் சென்டருக்குப் போகவில்லை. வெட்கம் ஒரு பக்கம், அந்தப் போட்டோ ஒரு பக்கம். உண்மையாகவே அழுகை வந்தது.

மூன்றாம் நாள் போன் அடித்தது. மாமன்.

"தம்பி, எங்க பிள்ள வளரு ஒரு கேள்வி கேக்கச் சொல்லுச்சு. அந்த ஃபேனுக்கு அடியில என்ன பேஸ்ட் வச்சீக? சந்தன வாசம் வந்துச்சுன்னு சொன்னதுலருந்து சிரிச்சுக்கிட்டே இருக்கு. கழட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க, நான் லைன்ல இருக்கேன்."

ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு ஃபேனைக் கழற்றினேன். அடியில் காய்ந்து வெடித்து, கோடைகாலத்துக் கண்மாய்போலக் கிடந்தது சந்தனம். ஈரம் இருந்தவரைக்கும் ஓடியிருக்கிறது. காய்ந்ததும் சூடு மேலே ஏற வழியில்லாமல் போய், மூளை கொதிக்கிறது என்று மெஷின் கத்தியிருக்கிறது. பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"நீதானய்யா மூளைன்னு சொன்ன. தலைக்குத்தான மொதப் பொட்டு வைக்கணும். வச்சுட்டு குங்குமம் எடுக்கப் போனேன், அதுக்குள்ள நீ பூட்டிட்ட. அப்பறம் வைக்கக் கூடாதுன்னயா, சொன்னா வைவியேன்னு சொல்லல."

வைய வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். என் கல்யாணத்தைத் தானே கெடுத்துவிட்டதாக நினைத்து நின்ற முகம் அது. ரிசீவரை எடுத்தேன்.

"சந்தனம்தாங்க. நான்தான் வச்சேன். எனக்குக் கம்ப்யூட்டர்லாம் செய்யத் தெரியாதுங்க. இதுதான் மொத தடவை."

அம்மா என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினார். "அண்ணே, அவன் பொய் சொல்றான். நாந்தான் வச்சேன். அவனுக்கு ஒண்ணுமே தெரியாது."

(மகனைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்ன கடைசி வாக்கியம்தான் இன்றுவரை என்னைப் பற்றிய மிகச் சரியான விவரம்.)

மறுவாரம் தகவல் வந்தது. பழியை ஒருத்தர் மேல் ஒருத்தர் தள்ளாமல் இழுத்துப் போட்டுக்கொள்கிற வீடு, அதனால் சம்மதம் என்று வளர்மதி சொல்லிவிட்டாளாம். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதது ஒரு குறையில்லை, தனக்குத் தெரியும் என்றும் சொன்னாளாம். என் சட்டைப் பையில் கிடந்த பொட்டலத்தை மறுவீட்டுக்கு வந்த அன்றைக்கே கேட்டு வாங்கி, கழற்றித் துடைத்து, வைத்துப் பூட்டினாள். ஒரு தடவைகூட அடிகுழாய்க்கு ஓடவில்லை. அந்த மெஷின் அதற்குப் பிறகு பல வருடம் உழைத்தது. ஜோடி ரேம்தான் காரணம் என்பது அய்யாவின் கட்சி.

இப்போதும் எங்கள் வீட்டில் மிக்ஸி நின்றாலும், மோட்டார் நின்றாலும் அவள் முதலில் கேட்பது, "சந்தனம் வச்சீங்களா?" என்றுதான். போன மாதம் எனக்குக் காய்ச்சல். போர்த்திப் படுத்திருந்தேன். என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, அடுப்படிப் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அத்த, உங்க மகன் கொதிக்கிறாரு. மூளைக்கு ஏதும் சந்தனம் வச்சீங்களா?"

அம்மா உள்ளேயிருந்து நிதானமாகப் பதில் சொன்னார்.

"இல்லத்தா. வச்சிருந்தா இந்நேரம் கத்தியிருப்பான்ல."